பிழையைப் பார்த்து வாங்குங்கள்: அமெரிக்க அங்கத நாவல்களின் முதல் அச்சைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சின்க்ளேர் லூயிஸ் எழுதிய 'பாபிட்' நாவலின் 1922ஆம் வருடத்துப் பிரதி கையில் கிடைத்தால் நேராக 49ஆம் பக்கத்துக்குப் போங்கள். நாலாவது வரியில் 'லைட்' என்று வரவேண்டிய இடத்தில் 'பர்டி' என்று அச்சாகியிருக்கிறதா? அடுத்த வரியில் 'எனி ஃபெல்லோ' என்பது 'மை ஃபெல்லோ' ஆகியிருக்கிறதா? இரண்டு தப்பும் இருந்தால் புத்தகத்தை மூடிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கதையில் பர்டி ஒரு மளிகைக்கடைக்காரர், லைட் மனை வாங்கி விற்கும் ஆசாமி. இரண்டு பேரையும் குழப்பிக்கொண்ட அந்தத் தாள்தான் அச்சு இயந்திரத்திலிருந்து முதலில் வந்தது. யாரோ கவனித்துத் திருத்தினார்கள். திருத்திய பிரதி வாசகருக்கு நல்லது, சேகரிப்பவருக்கு ஒரு படி கீழே.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் லூயிஸ் நாவல் ஒன்றை வாங்கினேன். உள்ளே முதல் பதிப்பின் வருடம், துணி அட்டை, பழைய காகித வாசனை. ஒரு வாரம் பெருமையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் முதுகின் அடியில் இருந்த நிறுவனப் பெயரைப் பார்த்தேன். மலிவு மறுபதிப்பு. முதல் பதிப்பாளரின் பழைய அச்சுத் தகடுகளை வாங்கி அப்படியே அச்சடித்ததால் காப்பிரைட் வருடமும் அப்படியே இருந்தது. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. கீழே எழுதியிருப்பது அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை.

முதலில் எல்லையைப் போடுங்கள்

'அமெரிக்க அங்கத நாவல்' என்று பொதுவாக ஆரம்பித்தால் அலமாரி நிறையும், சேகரிப்பு ஆகாது. 1900 முதல் 1940 வரை என்று வைத்துக்கொண்டாலே களம் பெரியது. மார்க் ட்வைன் கடைசிக் காலத்தில் வெளியிட்ட 'கேப்டன் ஸ்டார்ம்ஃபீல்டின் சொர்க்கப் பயணம்' (1909), கல்வியறிவு குறைந்த பேஸ்பால் ஆட்டக்காரன் எழுதும் கடிதங்களாகவே நகரும் ரிங் லார்ட்னரின் 'யூ நோ மீ ஆல்' (1916), ஜேம்ஸ் பிரான்ச் கேபலின் 'ஜர்கன்' (1919), அனிதா லூஸின் 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளான்ட்ஸ்' (1925), கறுப்பரை வெள்ளையராக மாற்றும் சிகிச்சை ஒன்று வந்தால் நாடு என்னவாகும் என்று கேட்ட ஜார்ஜ் ஸ்கைலரின் 'பிளாக் நோ மோர்' (1931), நதானியல் வெஸ்டின் நாலு சிறு நாவல்கள். எல்லாம் ஆளுக்கொரு திசை.

புதிதாக வருபவருக்கு என் யோசனை லூயிஸ்தான். 'மெயின் ஸ்ட்ரீட்' (1920), 'பாபிட்' (1922), 'ஆரோஸ்மித்' (1925), 'எல்மர் கான்ட்ரி' (1927), 'டாட்ஸ்வொர்த்' (1929) என்று இருபதுகளில் மட்டும் ஐந்து பெரிய நாவல்கள். அவர் 1930இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய முதல் அமெரிக்கர் என்பதால் பெயருக்கும் குறைவில்லை. அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றதால் இன்றும் பிரதிகள் கிடைக்கின்றன. மேலுறை, அதாவது அட்டைக்கு மேல் சுற்றிய காகித உறை, இல்லாத முதல் அச்சுகளைப் பொறுமையாகத் தேடினால் சில நூறு டாலருக்குள் முடிக்கலாம். அதோடு ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்தையும் சரியாக வாங்கி முடிக்கும்போது தொழில் பாதி கைவந்திருக்கும்.

வெஸ்ட் பக்கம் ஆரம்பத்திலேயே போகாதீர்கள். அவருடைய முதல் நாவல் 1931இல் 500 பிரதிதான் அச்சானது. 1933இல் 'மிஸ் லோன்லிஹார்ட்ஸ்' வந்த சமயம் பார்த்து அதை வெளியிட்ட லிவ்ரைட் நிறுவனம் திவாலானது. 2,200 பிரதிகளில் சுமார் 800 மட்டுமே கடைக்குப் போயின, பணம் வராத அச்சகத்தார் மிச்சத்தைத் தர மறுத்துவிட்டார். பத்திரிகைகளில் பாராட்டு வந்த நேரத்தில் கடையில் புத்தகம் இல்லை. அதனால்தான் முதுகிலும் தலைப்புப் பக்கத்திலும் லிவ்ரைட் பெயர் உள்ள பிரதிக்கு இவ்வளவு கிராக்கி.

நாலு சொற்கள்

தமிழ்ப் பதிப்புலகில் மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்று போட்டுவிடுவது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே கழற்றி வைக்க வேண்டும்.

ஒரே அச்சுக்கோப்பில் அல்லது தகட்டில் அடித்தவை எல்லாம் ஒரு பதிப்பு. அந்தத் தகட்டை இயந்திரத்தில் ஏற்றி ஒரு தடவை அடித்து இறக்கினால் அது ஓர் அச்சு. ஒரு பதிப்புக்குள் இருபது அச்சுகள்கூட இருக்கலாம். 'முதல் பதிப்பு' என்று சேகரிப்பவர் சொல்லும்போது மனதில் இருப்பது முதல் பதிப்பின் முதல் அச்சு. அந்த முதல் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்தி ஓர் எழுத்தைத் திருத்தினால், திருத்தத்துக்கு முந்தியது முதல் நிலை, பிந்தியது இரண்டாம் நிலை. சில பிரதிகள் விற்பனைக்குப் போன பிறகு வேண்டுமென்றே மாற்றம் செய்து அனுப்பினால் அது வேறு வெளியீடு. இவற்றைப் பிரித்துக் காட்டும் அடையாளத்தை வியாபாரிகள் 'பாயின்ட்' என்கிறார்கள்.

விற்பனைப் பட்டியல்களில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் ஏதும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது அச்சும் முதல் பதிப்புதான்.

காப்பிரைட் பக்கத்தைப் படிப்பது

ஒவ்வொரு பதிப்பு நிறுவனத்துக்கும் ஒரு பழக்கம் இருந்தது.

ஹார்கோர்ட் பிரேஸ் 1919இல் தொடங்கியது. இருபதுகளில் முதல் அச்சு என்று எதையும் எழுதமாட்டார்கள், இரண்டாவது அச்சிலிருந்துதான் எழுதுவார்கள். ஆக, ஒன்றும் எழுதாமல் இருப்பதுதான் நல்ல சேதி. இதற்கு விலக்கு 'ஆரோஸ்மித்'. லூயிஸ் கையெழுத்திட்ட 500 பிரதிகளைத் தனியாக அச்சடித்து அதை முதல் அச்சு என்று கணக்கில் வைத்துவிட்டார்கள். அதனால் கடைக்கு வந்த சாதாரணப் பதிப்பின் முதல் பிரதியிலேயே 'இரண்டாம் அச்சு, ஜனவரி 1925' என்று இருக்கும். விஷயம் தெரியாமல் இதை மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

ஹார்ப்பர் நிறுவனம் 1912 முதல் இரண்டு எழுத்துச் சங்கேதம் வைத்தது. முதல் எழுத்து மாதம்: ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று போய், ஜே-யைத் தாண்டிவிடுவதால் அக்டோபருக்கு கே, டிசம்பருக்கு எம். இரண்டாவது எழுத்து வருடம்: 1912க்கு எம், 1913க்கு என், இப்படியே மேலே. ட்வைன் இறந்து ஆறு வருடம் கழித்து 1916இல் வந்த 'தி மிஸ்டீரியஸ் ஸ்ட்ரேஞ்சர்' முதல் அச்சில் 'கே-கியூ' என்று இருக்கும். அதாவது அக்டோபர் 1916. என். சி. வயத்தின் வண்ணப் படங்களோடு அழகான புத்தகம். ஆனால் அது ட்வைன் எழுதி வைத்தபடி இல்லை, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெய்னும் ஹார்ப்பரின் ஆசிரியர் ஒருவரும் கைப்பிரதிகளை வெட்டி ஒட்டிச் செய்தது என்று 1960களில் தெரியவந்தது. தெரிந்த பின்னும் வாங்குகிறார்கள். நானும் வாங்குவேன்.

ஸ்க்ரிப்னர்ஸ் நிறுவனம் 1930 முதல் காப்பிரைட் பக்கத்தில் 'ஏ' என்ற எழுத்தைப் போட்டது. அதற்கு முன் தலைப்புப் பக்க வருடமும் காப்பிரைட் வருடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்பிள்டன் நிறுவனம் நாவலின் கடைசி வரிக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 1 என்று போடும். அது 2 என்றிருந்தால் இரண்டாம் அச்சு. புத்தகத்தின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடும் விற்பனையாளரிடம் கடைசிப் பக்கப் படத்தையும் கேளுங்கள்.

முதுகில் 'கிராசெட் அண்ட் டன்லப்' அல்லது 'ஏ. எல். பர்ட்' என்று இருந்தால் மறுபதிப்பு. படிக்க வாங்கலாம்.

பிழைகளைத் தேடுவது

இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இங்கேதான். பிழைகள் இரண்டு விதம்.

ஒன்று, முதலில் இருந்து பிறகு திருத்தப்பட்டது. 'பாபிட்' அப்படி. இன்னொன்று, முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டது. உலோகத் தகடு ஆயிரக்கணக்கான தாள்களைத் தொட்டுத் தொட்டுத் தேயும், இடிபடும். 'மெயின் ஸ்ட்ரீட்' முதல் நிலையில் 54 என்ற பக்க எண் முழுசாக இருக்கும், 387ஆம் பக்கத்தின் கடைசி வரியில் 'மே' என்ற சொல்லின் ஒய் எழுத்தும் உடையாமல் இருக்கும். பின்னால் வந்த பிரதிகளில் இரண்டும் அடிவாங்கியிருக்கும். ஆக, 'பாபிட்'டில் தப்பு இருக்க வேண்டும், 'மெயின் ஸ்ட்ரீட்'டில் தப்பு இருக்கக் கூடாது. எந்தத் தப்பு எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

'எல்மர் கான்ட்ரி'யின் பாயின்ட் அட்டையின் முதுகிலேயே இருக்கிறது. பெயரைப் பொறித்த அச்சில் ஜி எழுத்து சரியாக விழாமல் சி போலத் தெரியும். போலிப் பிரசங்கி ஒருவனைக் கிழித்துத் தொங்கவிட்ட நாவல், பாஸ்டனில் தடைசெய்யப்பட்டது. அதன் முதுகிலேயே கதாநாயகன் பெயர் தப்பு. ஏராளமாக அச்சானதால் சி போட்ட பிரதிகூட எட்டாத விலை இல்லை.

அனிதா லூஸின் நாவலில் இது தலைகீழ். டைரி எழுதும் லோரலைக்கு ஸ்பெல்லிங் வராது, அதுதான் நகைச்சுவை. நாலாவது அத்தியாயத் தலைப்பில் 'டிவைன்' என்ற சொல்லை அவள் தப்பாகத்தான் எழுத வேண்டும். முதல் பிரதிகளின் பொருளடக்கத்தில் அதைச் சரியான ஸ்பெல்லிங்கில் அச்சடித்துவிட்டார்கள். இங்கே சரியாக இருப்பதுதான் பிழை. முதல் அச்சு 1,200 பிரதிதான், உடனே தீர்ந்துபோனது.

எனக்கு மிகப் பிடித்தது ஈடித் வார்ட்டனின் 'தி ஏஜ் ஆஃப் இன்னசென்ஸ்' (ஆப்பிள்டன், 1920). 186ஆம் பக்கத்தில் திருமணம் நடக்கிறது. பாதிரியார் தொடங்கும் வாசகம் திருமணச் சடங்குக்கு உரியதல்ல, சவ அடக்கத்தின்போது சொல்வது! நியூயார்க் மேட்டுக்குடியின் கல்யாணத்தைக் கேலி செய்யத்தான் அப்படி எழுதினார் என்று நம்ப ஆசையாக இருக்கும். ஆனால் அது தவறி விழுந்தது, பின்னால் வந்த அச்சில் திருத்தப்பட்டது. இது ஒன்றை மட்டும் நம்பாமல் கடைசிப் பக்கத்தில் அந்த 1 இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த நாவலை லூயிஸ் வரிசைக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 1921இல் புலிட்சர் நடுவர்கள் பரிந்துரைத்தது 'மெயின் ஸ்ட்ரீட்' நாவலை. கொலம்பியா பல்கலைக்கழக நிர்வாகக் குழு அதை மாற்றி வார்ட்டனுக்குக் கொடுத்தது. லூயிஸ் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த நாவலான 'பாபிட்'டை வார்ட்டனுக்கே சமர்ப்பித்தார். 1926இல் 'ஆரோஸ்மித்'துக்குப் புலிட்சர் வந்தபோது வேண்டாம் என்று திருப்பிவிட்டார். 'மெயின் ஸ்ட்ரீட்', 'தி ஏஜ் ஆஃப் இன்னசென்ஸ்', 'பாபிட்' மூன்றையும் வரிசையாக அடுக்கினால் ஒரு சண்டையும் ஒரு மரியாதையும் அலமாரியில் நிற்கும். எந்த மூன்றை வாங்குவது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த மூன்றைத்தான்.

பாயின்ட்களை எங்கே பார்ப்பது? ஆசிரியருக்கு ஆசிரியர் நூல் விவரப் பட்டியல்கள் உண்டு. ட்வைன், ஆம்ப்ரோஸ் பியர்ஸ் போன்றவர்களுக்கு ஜேக்கப் பிளாங்க் தொடங்கிய பல தொகுதிப் பட்டியல்தான் ஆதாரம். வியாபாரிகள் அதை ஆங்கில முதலெழுத்துகளால் 'பால்' (பி.ஏ.எல்.) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஆனால் 1930க்குள் காலமானவர்கள் மட்டுமே அதில் இடம்பெறுவார்கள், ஆகவே லூயிஸைத் தேடிப் பயனில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஹாதிட்ரஸ்டிலும் ஸ்கேன் செய்த பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தைப் பெரிதாக்கி ஒப்பிட அவை போதும். ஸ்கேன் ஆனதும் மூன்றாம் அச்சாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மேலுறை

இந்த உலகில் புத்தகத்தைவிடக் காகித உறை விலை அதிகம். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனதும் கிழித்து எறிந்தார்கள், நூலகங்களும் எறிந்தன. மிஞ்சியவை கொஞ்சம். ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (ஏப்ரல் 1925) முதல் அச்சு 20,870 பிரதி. அபூர்வம் என்று சொல்ல முடியாது. உறை இல்லாமல் சில ஆயிரம் டாலர். பிரான்சிஸ் குகாட் வரைந்த நீல உறையோடு என்றால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போனது உண்டு. அந்த உறையின் பின்பக்கத்தில் ஜே கேட்ஸ்பி என்ற பெயரின் முதல் எழுத்து சின்ன எழுத்தாக விழுந்துவிட, பல பிரதிகளில் மையால் திருத்தினார்கள். உறை கொஞ்சம் உயரமாக இருந்ததால் விளிம்பு சீக்கிரம் கிழிந்தது. (புத்தகத்துக்குள் பார்க்க வேண்டியது 205ஆம் பக்கம்: 'சிக் இன் டயர்ட்' என்று இருக்க வேண்டும்.)

இவ்வளவு விலை வித்தியாசம் இருந்தால் ஏமாற்றும் இருக்கும். இரண்டு வகை. நகல் உறை: இன்றைக்கு அச்சடித்தது. நகல் என்று சொல்லியே விற்பவர்கள் பலர், கை மாறும்போது அந்தச் சொல் காணாமல் போகும். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்க்கப்பட்டது 1950 வாக்கில்தான். அந்த ரசாயனம் உள்ள காகிதம் நீல வெண்மையாய்ப் பளீரென்று ஒளிரும், பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். இரண்டாவது, ஜோடி சேர்த்தல்: பத்தாவது அச்சின் உறையை முதல் அச்சுக்குப் போட்டுவிடுவது. உறையின் பின்பக்கம் அந்தப் புத்தகத்துக்கே வந்த விமர்சனங்களை மேற்கோள் காட்டினால் யோசியுங்கள். வெளியான நாளில் விமர்சனம் எப்படி வந்திருக்கும்?

சம்பளக்காரர்களுக்கு நான் சொல்வது, உறை இல்லாமலே சேகரியுங்கள்.

புத்தகம் எப்படி இருக்கிறது என்று சொல்லும் மொழி

வியாபாரிகளின் அகராதியில் 'குட்' என்றால் நன்றாக இல்லை என்று பொருள். 'ஃபைன்' தான் நல்லது, 'வெரி குட்' சுமார், 'குட்' என்பது பக்கம் எல்லாம் இருக்கிறது என்ற அளவுக்கு. நூலக முத்திரை உள்ளதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்த்துவிடலாம். உள்ளே பழைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தால் நான் கவலைப்படுவதில்லை, முதுகு தளர்ந்து ஆடினால் கவலைப்படுவேன்.

'அன்கட்', 'அன்ஓப்பன்ட்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்க விளிம்பைச் சீராக நறுக்காமல் விட்டால் முன்னது. மடிப்பே பிரியாமல், கத்தி வைத்து அறுத்தால்தான் படிக்க முடியும் என்றால் பின்னது. 'கேட்ஸ்பி'யில் ஆந்தைக் கண்ணாடிக்காரர் நூலகத்தில் நின்று, புத்தகங்கள் நிஜமானவை, ஆனால் பக்கங்களை வெட்டவில்லை என்று அதிசயிப்பாரே, அவர் சொல்வது இந்த இரண்டாவதை. நூறு வருடம் யாரும் படிக்காத அப்படிப்பட்ட பிரதிக்கு இன்றைக்குக் கூடுதல் விலை.

எங்கே, எப்படி வாங்குவது

ஏப்புக்ஸ், வியாலிப்ரி என்ற பழைய புத்தக இணையதளங்கள் இரண்டிலும் தேடி ஒரே புத்தகத்தின் விலைகளைச் சில மாதம் வெறுமனே பாருங்கள். கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது, ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளைப் போட்டு வைத்திருக்கின்றன. பெரிய தொகை என்றால் அமெரிக்கப் பழைய நூல் வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினரிடம் வாங்குவது நிம்மதி. அவர்கள் தாங்கள் எழுதிய விவரத்துக்குப் பொறுப்பேற்கிறார்கள்.

பணம் அனுப்புமுன் மூன்று படம் கேட்பேன்: காப்பிரைட் பக்கம், பாயின்ட் உள்ள பக்கம், முதுகு. 'பாபிட்' என்றால், '49ஆம் பக்கம் நாலாவது வரியைத் தயவுசெய்து படம் எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதினால் போதும், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

முதலீடாக நினைத்து வருபவர்களுக்கு ஒரு கதை. இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் 1929 ஜனவரியில் தன் நூல் சேகரிப்பை ஏலம் விட்டார், 17 லட்சம் டாலருக்கு மேல் போனது. அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது, முதல் பதிப்புகளின் விலையும் சேர்ந்து விழுந்தது. கேபலின் 'ஜர்கன்' ஆபாச வழக்கில் சிக்கி 1920இல் பறிமுதல் ஆனபோது அதை எப்படியாவது வாங்க அலைந்தார்கள். 1922இல் வழக்கு தள்ளுபடியானது. இன்றைக்கு அந்த ஆசிரியரைப் படிப்பவர்களே குறைவு. பிடித்ததை வாங்குங்கள், விலை ஏறினால் சந்தோஷம்.

வீட்டில் வைப்பது

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதம்தான் எதிரி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரப்பதம் இருந்தால் உத்தமம். நம் ஊரில் அதற்கு ஏசி அறை வேண்டும், கதவுள்ள அலமாரி வேண்டும், சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. நீலத் துணி வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், அதனால் ஜன்னல் பக்கம் வேண்டாம். மேலுறை இருந்தால் தெளிவான பாலியெஸ்டர் உறை போடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் நானே உங்களோடு பேசமாட்டேன். வாங்கிய தேதி, விலை, இடம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதுங்கள், புத்தகத்துக்குள் துண்டுச்சீட்டு வைக்காதீர்கள். மலிவுக் காகிதத்தின் அமிலம் அடுத்த பக்கத்தில் இறங்கிவிடும். என்னுடைய 'மெயின் ஸ்ட்ரீட்'டில் முந்தைய சொந்தக்காரர் யாரோ லூயிஸுக்கு நோபல் கிடைத்த பத்திரிகைச் செய்தியை வெட்டி வைத்திருந்தார். துண்டை எடுத்துத் தனி உறையில் போட்டுவிட்டேன். அது இருந்த இரண்டு பக்கத்திலும் தேநீர் நிறத்தில் ஒரு செவ்வகம் இன்னும் இருக்கிறது.